மேசைக்கு அடியில் இருந்த அரிசிப் பானை

சபைகளை எப்படித் தொடங்குவது, தொடங்கியதை எப்படி வளர்ப்பது என்று இளம் ஊழியர்களுக்குப் பல ஆண்டுகள் வகுப்பு எடுத்திருக்கிறேன். எல்லா வகுப்புகளிலும் ஒரே தோட்டத்தைத்தான் உதாரணம் காட்டுவேன். மலாயாவில் வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில், தம்பின் ஊருக்கு அப்பால், ஒரு கிறிஸ்தவக் குடும்பம்கூட இல்லாத ரப்பர் தோட்டத்தில் சபை எப்படி உருவானது என்று சொல்வேன். கேட்பவர்கள் குறிப்பு எடுத்துக்கொள்வார்கள். சிலர் பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் ஒரு பெண்ணையும் ஒரு பானையையும் விட்டுவிட்டுத்தான் எப்போதும் சொன்னேன். என்னிடம் படித்தவர்கள் இன்று பல ஊர்களில் சபை நடத்துகிறார்கள். அவர்களுக்காகவாவது முழுவதையும் எழுதிவிட வேண்டும்.

நான் சிரம்பானில் பிறந்தவன். அப்பா ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர். ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்புவரை படித்தேன். அந்தக் காலத்தில் அப்படிப் படித்த தமிழ்ப் பையன் அரசாங்க வேலைக்குப் போவான். நான் உபதேசியாராகப் போகிறேன் என்றதும் மிஷனில் எல்லாருக்கும் சந்தோஷம். எங்கள் வட்டாரத்துக்கு மேற்பார்வையாளராக இருந்த வெள்ளைக்காரப் போதகர், ஜனங்கள் பெரிய ஐயர் என்று கூப்பிடுகிறவர், தம்பின் பகுதித் தோட்டங்களை என்னிடம் ஒப்படைத்தார். தம்பினில் மிஷன் கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். அங்கே தங்கிக்கொண்டு பஸ் ஏறித் தோட்டங்களுக்குப் போய்வருவேன்.

நான் போக ஆரம்பித்தபோது அந்தத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை எல்லாம் பிரித்து ஒரே இடத்தில் கட்டி முடித்திருந்தார்கள். முன்பு மரங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த வீடுகள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்துவிடக்கூடாது என்பதற்காக ஜனங்களை ஒன்றாகக் குவித்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். வேலிக்கு ஒரே கேட். அதிகாலையில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகிறவர்கள் வாளியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும். சைக்கிள் பம்பைக்கூடக் கழற்றிப் பார்ப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் இருந்தாள்.

காலையில் நான் போனால் லயத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆயாக் கொட்டகையில் மட்டும் சத்தம் கேட்கும். தாய்மார்கள் வேலைக்குப் போகும் முன்பு கைக்குழந்தைகளை அங்கே விட்டுப்போவார்கள். கூரை விட்டத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். அவற்றை ஆட்டிவிட்டுக்கொண்டே நடக்கும் ஆயாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் காய்ச்சலில் இறந்துவிட்டார். ஒரு பெண் குழந்தை, தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தது. தோட்டம் முழுவதும் அவரை ஆயாக்கா என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

வேறு ஆள் இல்லாததால் குழந்தைகளுக்குப் பாட்டுப் பாடினேன். அவர் தொட்டிலை ஆட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்தப் பாட்டுக்குப் புள்ளைங்க தூங்குதுங்க. நல்ல பாட்டாத்தான் இருக்கும்," என்றார். "ஆனா போன வாரம் பாடுனீங்களே, அத வேணாம். மூணு தொட்டிலும் ஒண்ணா அழுதுச்சு."

இப்படித்தான் அந்தச் சபை தொடங்கியது. வகுப்பில் நான் இதைச் சொன்னதே இல்லை. தெருவில் நின்று பிரசங்கித்தேன், ஜனங்கள் வந்தார்கள் என்று சொல்வேன். வந்தது உண்மை. அவர்களை அழைத்து வந்தவர் ஆயாக்கா. பிள்ளையைத் தூக்கிப்போக வரும் தாய்மார்களிடம், "சாயங்காலம் வாங்கடி, ஐயா கத சொல்லுவாரு" என்பார். குழந்தையை நம்பிக் கொடுத்த பெண்கள் அவர் சொன்னதையும் நம்பினார்கள். பெண்களைப் பார்த்து ஆண்கள் சிலர் வந்தார்கள். ஒரு மண்டோரும் வந்தார். வேலைக்காட்டில் ஆட்களை மேய்க்கும் மனிதர், கேலிப் பேச்சுக்காரர். கடைசியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்பார். ஆயாக்காவும் இன்னும் இரண்டு குடும்பங்களும் ஞானஸ்நானம் பெற்றார்கள். மற்றவர்கள் நெற்றியில் விபூதியோடு வந்து உட்கார்வார்கள். நான் தடுக்கவில்லை. அந்த ஒன்றைச் சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

கூட்டம் பெருகியதும் இடம் வேண்டியிருந்தது. ஆயாக்கா ஒரு யோசனை சொன்னார்.

"கொட்டகையிலயே கூடிக்கலாமே ஐயா. சாயங்காலம் சும்மாத்தானே கெடக்கு. தொட்டில சுருட்டி மேல போட்டுட்டா எல்லாரும் ஒக்காரலாம்."

எனக்குப் பிடிக்கவில்லை. கொட்டகையில் எப்போதும் மூத்திர வாடையும் புளித்த பால் வாடையும் அடிக்கும். மேற்பார்வைப் போதகரை அங்கே எப்படி அழைத்து வருவது என்று யோசித்தேன். ஆபீஸ் பக்கத்தில், மெயின் ரோட்டை ஒட்டி, ரப்பர் ஷீட் அடுக்கிவைக்கும் பழைய ஸ்டோர் ஒன்று காலியாகக் கிடந்தது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை. போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியும். மேலே ஒரு சிலுவை வைத்தால் நாலு பேர் இறங்கி வருவார்கள் என்று எனக்குத் தோன்றியது. நேரே தோட்ட மானேஜரான வெள்ளைக்காரத் தொரையிடம் போனேன். என் ஆங்கிலத்தைக் கேட்டதும் தொரை நாற்காலி போடச் சொன்னார். ஸ்டோரைக் கொடுத்துவிட்டார்.

ஸ்டோர் வேலிக்கு வெளியே இருந்தது.

மண்டோர் அதைச் சொன்னார். "ஐயா, நீங்க உள்ள வந்தா ஒங்கள யாரும் தடவிப் பாக்க மாட்டான். நாங்க வெளிய வந்தாத்தான் கோவணம் வரைக்கும் பாப்பான். ஞாயித்துக்கெழமையும் தடவக் குடுத்துக்கிட்டே இருக்கணுமாலா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ஸ்டோருக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு செய்தேன். இப்போது புதிய இடங்களுக்குப் போகும் ஊழியர்களுக்கு நான் சொல்வது: ஜனங்கள் ஓர் இடத்தைக் காட்டினால் அங்கே போய் உட்காருங்கள். அந்த இடம் உங்கள் கண்ணுக்கு அழகாக இல்லாமல் இருக்கலாம். அவர்கள் பயமில்லாமல் வரக்கூடிய இடம் எது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து பிடியரிசி. இதைக் கிறிஸ்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாக வைப்பார்கள். சேர்ந்ததை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவந்து காணிக்கையாகக் கொட்டுவார்கள். என் அம்மா சிரம்பானிலும் அதை விடவில்லை. அடுப்புக்கு மேலே அதற்கென்று ஒரு டப்பா இருந்தது. கொடுக்கப் பழகாத சபை வளராது, முதல் நாளிலிருந்தே கொடுக்கப் பழக்கு என்று மேற்பார்வைப் போதகர் அடிக்கடி சொல்வார். தோட்டத்துப் பெண்கள் கையில் காசு நிற்காது. ஆகவே பிடியரிசியைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். தம்பின் பசாரில் ஒரு மண்பானை வாங்கி வந்து, ஸ்டோரில் நான் நின்று பேசும் மேசைக்கு அடியில் வைத்தேன். மேசைமேல் விரித்த வெள்ளைத் துணி முன்பக்கம் பாதிவரை தொங்கும்.

பெண்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. காரணம் எனக்கு அப்போது புரியவில்லை. புருஷனைக் கேட்காமல் அவர்கள் தங்கள் கையால் செய்யக்கூடிய முதல் காரியம் அதுதான். விபூதி வைத்தவர்களும் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பானையில் போடுவார்கள். ஒரு பிடி அரிசியை எப்படிப் போடுவது என்பதில்கூட அவர்களுக்குள் பேச்சு இருந்தது.

"மெதுவாப் போடுடி, பான ஒடஞ்சிரும்."

"ஒன் கை சின்னக் கை. அதான் ஒன் பிடி சத்தமே கேக்கல."

ஸ்டோரைக் கோயிலாகத் திறக்கும் விழா நாளில் அந்த அரிசியைப் பொங்கி எல்லாருக்கும் அசனம் போடுவதாகத் திட்டம். கங்காணி, கூலி, சாதி என்று பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. அந்தத் தோட்டத்தில் அதுவரை அப்படி ஒரு பந்தி நடந்ததில்லை. அதைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். சிலுவையைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

கேட்டில் நின்றவர்கள் முதலில் ஒரு பிடி அரிசியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு சோதனை இறுகியது. எங்கோ காட்டுக்குள் அரிசிப் பதுக்கல் ஒன்று கிடைத்ததாகச் சொன்னார்கள். அரிசி, சீனி, கருவாடு, டின் சாமான் எதுவும் வேலியைத் தாண்டக்கூடாது என்று காலைப் பெரட்டில், ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, படித்துக் காட்டினார்கள். பெரட்டில் நான் நின்றதில்லை. எனக்கு ஆயாக்காதான் சொன்னார். ஆராதனை முடிந்து எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தார்.

"ஐயா, இனிமே அரிசி கொண்டாற முடியாது. ஒரு மணி வெளிய போனாலும் புடிப்பாங்களாம். காட்டுக்காரனுக்குப் போகுதுன்னு எழுதிருவாங்களாம்."

"இது காணிக்கை அரிசி, அக்கா. தொரைக்கு நம்மைத் தெரியும்."

"தொரைக்கு ஒங்களத் தெரியும். கேட்டுல நிக்கிறவனுக்கு எங்களத் தெரியணுமே."

"நான் தொரையிடம் பேசி ஒரு சீட்டு வாங்கிவிடுகிறேன். நீங்கள் பயப்படாதீர்கள்."

"அப்ப சரி," என்றார். திரும்பி மற்றப் பெண்களிடம், "ஐயா பேசிருவாராம்," என்றார்.

அந்த வாரம் தொரையைப் பார்க்கப் போனேன். மேற்பார்வைப் போதகர் திறப்பு விழாவுக்கு வருவதைச் சொன்னேன். தானும் வருவதாகத் தொரை சொன்னார். திறப்பு விழாப் பெயர்க் கல் பதிக்கத் தோட்டத்துக் கொத்தனாரையே அனுப்புவதாகவும் சொன்னார். இருவரும் தேநீர் குடித்தோம். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அரிசி என்று வாயெடுத்தால் அவர் முகம் மாறிவிடும் என்று தோன்றியது. அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். சீட்டு வாங்கவில்லை என்பதையாவது லயத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே ஸ்டோருக்குள் போனேன். ரோட்டிலிருந்து வருகிறவனுக்கு அந்தக் கேட் குறுக்கே வராது. ஜனங்கள் பாதிக்குமேல் வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மண்டோர் மட்டும் எழுந்து வந்தார்.

"ஆயாக்காவப் புடிச்சிட்டாங்க, ஐயா. முந்தானைல அரிசி. அவதான் மொதல்ல வந்தா. பொறத்தால வந்தவளுக எல்லாம் பாத்துட்டுக் கீழ கொட்டிட்டாளுக."

என்ன செய்வது என்று நான் யோசிக்கும் முன்பே வாசலில் போலீஸ் சார்ஜெண்ட் வந்து நின்றார். மலாய்க்காரர், வயதானவர், முரட்டு ஆள் அல்ல. பூட்ஸைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கிவிட்டு அப்படியே உள்ளே வந்தார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கொஞ்சம் அரிசி.

"பெராஸ் உண்டோக் சியாப்பா?" என்றார். அரிசி யாருக்கு என்று கேட்கிறார். "கோயிலுக்கு என்கிறாள் அந்தப் பெண். நீதான் கொண்டுவரச் சொன்னாயாம். உண்மையா?"

மேசைக்கு அடியில் பானை இருந்தது. துணியைத் தூக்கிக் காட்டினால் போதும். வாராவாரம் எல்லாரும் போட்ட பிடியரிசி அதில் முக்கால் பானை இருந்தது. ஆயாக்கா சொல்வது உண்மை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. காட்டினால், உணவைத் தடையை மீறிச் சேர்த்துவைத்தவன் நான் என்று ஆகும். ஸ்டோர் போகும். விழா நிற்கும். மேற்பார்வைப் போதகர் என்ன சொல்வார்? காட்டாவிட்டால் ஆயாக்காவுக்கு என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். காட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு கொடுத்ததாக எழுதிவிட்டால் நீண்ட காலம் சிறை. இல்லாவிட்டால் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் பிறந்ததே இந்த நாட்டில். அங்கே அவருக்கு யாரும் இல்லை. மகள் எங்கே போவாள்?

இதெல்லாம் எனக்கு அந்த நேரத்திலேயே தெரிந்திருந்தது. யோசிக்க நேரமில்லாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"நாங்கள் இங்கே அரிசி வாங்குவதில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போதே வலது காலால் பானையைப் பின்னால் தள்ளினேன். சிமெண்டுத் தரையில் அது லேசாக உரசியது.

சார்ஜெண்ட் நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணுக்கு மேசையும் துணியும்தான் தெரிந்தன. சபையார் தரையில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். துணி பாதிவரைதான் தொங்கியது. பானையையும் என் காலையும் அவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

சார்ஜெண்ட் அரிசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். நான் ஆராதனை நடத்தினேன். பாட்டுக் கொடுத்தேன், பாடினார்கள். என்ன பிரசங்கித்தேன் என்று நினைவில்லை. காணிக்கை நேரம் வந்தபோது நான் அதை விட்டுவிட்டு ஜெபத்துக்குப் போனேன். கண்ணைத் திறந்தபோது மண்டோர் வெளியே போயிருந்தார்.

எல்லாரும் போனபிறகு பானையைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் இருந்த ஓடைக்குப் போனேன். வெயில் நன்றாக இருந்தது. அரிசியைக் கொட்டினேன். தண்ணீர் கொஞ்ச தூரம் வெள்ளையாக ஓடியது. சின்ன மீன்கள் திரண்டு வந்தன. பானையைக் கழுவி எடுத்துவந்து அதே இடத்தில் வைத்தேன்.

ஆயாக்காவைத் தம்பின் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சிரம்பானுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மகளை லயத்துப் பெண்கள் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். நான் போகும்போது அந்தப் பிள்ளை கொட்டகையில் தன் அம்மாவைப்போல் தொட்டில்களை ஆட்டிக்கொண்டு நிற்கும். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லும். நான் கொட்டகைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன்.

மண்டோர் ஒருநாள் ரோட்டில் என்னை மறித்தார்.

"ஐயா, ஒரே ஒரு வார்த்த சொல்லுங்கலா. ஒங்களுக்குத்தான் இங்கிலீசு வருதே. நாங்க சொன்னா தண்ணி போட்டுட்டு ஒளர்றான்னு வெரட்டிருவான்."

"விழா முடியட்டும். பெரிய ஐயர் வருகிறார். அவரை வைத்தே பேசிவிடுகிறேன்."

"விழாவுல சோறு போடணும்னுதானே அவ அரிசி கொண்டாந்தா." வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "சோறு உண்டா?"

"இப்போது இருக்கிற நிலைமையில் முடியாது. தேநீரும் பிஸ்கட்டும் கொடுக்கிறோம்."

"பிஸ்கட்டு," என்றார்.

விழா நடந்தது. தொரை வந்தார், மேற்பார்வைப் போதகர் வந்தார். கல்லில் என் பெயரும் இருந்தது. கூட்டம் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். தொரை வருகிறார் என்பதால் கங்காணிகள் ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். பெரிய ஐயர் என் தோளைத் தட்டினார். சிரம்பானுக்குப் போகும் காரில் ஏறும்போது, வேறு ஏதாவது உண்டா என்று அவராகவே கேட்டார். இல்லை என்றேன். வகுப்பில் நான் வளர்ச்சி என்று சொன்னது அந்த ஒருநாள் கூட்டத்தைத்தான்.

அடுத்த வாரம் லயத்துப் பெண்கள் வேலைக்குப் போகவில்லை. கேட்டில் பெயர் கொடுத்துவிட்டு, கூட்டமாகப் பஸ் ஏறித் தம்பின் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள் சிலர், விபூதி வைத்தவர்கள் பலர். துணைக்குப் போன மண்டோர்தான் பிறகு எனக்குச் சொன்னார். அதே சார்ஜெண்ட்தான் அங்கே இருந்தாராம். நாங்கள் எல்லாரும் அரிசி கொண்டுபோனோம், உபதேசியார் சொல்லித்தான் கொண்டுபோனோம், அவளைப் பிடித்தால் எங்களையும் பிடி என்றார்களாம். சார்ஜெண்ட் நம்பமாட்டேன் என்றதும் ஒருத்தி எழுந்து நின்று என் பிடியரிசிப் பிரசங்கத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லிக் காட்டினாளாம். என்னைப்போலவே ஒரு கையை மார்பில் வைத்துக்கொண்டு, என் குரலிலேயே. மொழிபெயர்த்துச் சொன்ன போலீஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம்.

"அப்படியே ஒங்களமாதிரியே சொன்னா, ஐயா. நீங்க மறந்துட்டீங்க, அவ மறக்கல," என்றார் மண்டோர். அது கேலிதான். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஆயாக்காவை எச்சரித்து விட்டுவிட்டார்கள். பெரிய ஐயருக்குப் போலீசிலிருந்து ஆள் போனது. அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அரிசியைப் பற்றி உவமையாகச் சொன்னேன், படிப்பில்லாத பெண்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்றேன். இது இரண்டாவது பொய். முதல் பொய்க்குப் பயம் என்று ஒரு காரணம் இருந்தது. இதற்கு அதுவும் இல்லை. அவர் நம்பினார். எனக்காகப் போலீசுக்கு எழுதிக் கொடுத்துக் காப்பாற்றினார்.

தோட்டம் ஆயாக்காவைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. போலீஸ் பிடித்துப்போன பெண்ணைக் குழந்தைகளோடு விடமுடியாது என்று தொரை சொல்லிவிட்டார். லிங்கி ஆற்றுப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவருக்குச் சொந்தம் இருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே புறப்பட்டார். போகிற நாள் பகலில் மூட்டையோடு ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். மெலிந்திருந்தார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஐயா, பானைல இருந்த அரிசி என்னாச்சு?"

"ஓடையில் கொட்டிவிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் மூட்டையை இறக்கி வைத்தார். உள்ளே எட்டி மேசையைப் பார்த்தார்.

"எல்லார் வூட்டு அரிசியும் கலந்து கெடந்துச்சு," என்றார். "சரி போங்க. மீனாச்சும் ஒரே பந்தியில தின்னுச்சே."

மகள் சிரித்தாள். அவரும் லேசாகச் சிரித்தார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஸ்டோருக்கு ஜனங்கள் வரவில்லை. யாரும் சண்டை போடவில்லை, காரணம் சொல்லவில்லை. தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியின் குடும்பமும் தொரை வீட்டுச் சமையல்காரரும் மட்டும் வருவார்கள். சில மாதங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. சாயங்காலங்களில் பெண்கள் ஆயாக் கொட்டகையில் கூடுகிறார்கள். தொட்டில்களைச் சுருட்டி மேலே போட்டுவிட்டு உட்கார்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்த பாட்டுகளைப் பாடுகிறார்கள். ஜெபத்தை யார் வேண்டுமானாலும் செய்கிறார்கள். ஒருநாள் கொட்டகைக்கு வெளியே நின்று கேட்டேன். குழந்தைகளை அழவைத்த அந்தப் பாட்டையும் பாடினார்கள். உள்ளே போக எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் மிஷனுக்கு எழுதும்போது அந்தக் கூட்டத்தையும் என் சபை என்றே எழுதினேன். அவசரகாலம் முடிந்து வேலியைப் பிரித்த பிறகு பிள்ளைகள் டவுனுக்கு வேலைக்குப் போனார்கள். போன ஊர்களில் அவர்கள் கூடிய இடங்களையும் என் ஊழியத்தின் பலன் என்றே எழுதினேன். அதை வைத்துத்தான் என்னை வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள்.

பல ஆண்டுகள் கழித்து லிங்கி பக்கம் ஒரு சபையின் ஆண்டு விழாவுக்குப் பேச அழைத்தார்கள். யாருடைய சபை என்று விசாரிக்காமல் போனேன். பழைய லயத்து வீடுகள் இரண்டின் நடுச்சுவரை இடித்துச் சேர்த்துக் கட்டிய சின்னக் கோயில். வாசலில், எல்லார் கண்ணிலும் படும்படி, ஒரு பெரிய பானை. அதில் அரிசி. ஒருவர் கொட்டிவிட்டு வந்தார். இன்னொரு பெண் அதிலிருந்தே தன் பைக்கு எடுத்துக்கொண்டு போனாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்வரிசையில் ஆயாக்கா உட்கார்ந்திருந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. பக்கத்தில் மகள், பேரப்பிள்ளைகள். நான் அவரைப் பார்த்துவிட்டேன், அவரும் பார்த்தார். சபை எப்படி உண்டாகிறது என்று சொல்லும்படி போதகர் என்னைக் கேட்டுக்கொண்டார். எழுந்து நின்றேன். வேறு ஏதாவது பேசியிருக்கலாம். அல்லது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. வாய் தானாகப் பழைய உதாரணத்தை ஆரம்பித்தது. தெருப் பிரசங்கம், ஸ்டோர், தொரை, திறப்பு விழா, கூட்டம். ஆயாக்கா கடைசிவரை கேட்டார். எல்லாரும் ஆமென் சொன்னபோது அவரும் சொன்னார்.

ஆராதனை முடிந்து பந்தி போட்டார்கள். தரையில் வாழையிலை. எனக்கு மேசை போடப் போனவர்களைத் தடுத்து நானும் தரையில் உட்கார்ந்தேன். சோற்றுக் கூடையோடு வந்தவர் ஆயாக்கா. வயதானவர் எதற்குப் பரிமாறுகிறார் என்று யாரோ கூடையை வாங்கப் போனார்கள். அவர் கொடுக்கவில்லை. குனிந்து என் இலையில் சோறு வைத்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"ஐயா, பானைய விட்டுட்டீங்களே."

நான் தலை நிமிரவில்லை.

"பரவால்ல. சாப்புடுங்க. இது பிடியரிசிச் சோறுதான்," என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

சாப்பிட்டேன். அடுத்த முறை பேசும்போது பானையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது தீர்மானம் செய்தேன். அடுத்த முறையும் சொல்லவில்லை, அதற்கடுத்த முறையும் இல்லை. அவர் இறந்துவிட்டதாகப் போன மழைக்காலத்தில் மகள் ஆள் அனுப்பிச் சொன்னாள். அடக்கத்துக்குப் போனேன். கல்லறையிலிருந்து திரும்பி வந்தவர்கள் கோயில் வாசலில் அந்தப் பானையைக் கடந்து உள்ளே போனார்கள். நான் வெளியே நின்றேன். மகள் என்னைக் கண்டு, உள்ளே வாங்க ஐயா, சாப்பாடு இருக்கிறது என்றாள். அவளிடம், முதலில் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.

"தெரியும் ஐயா," என்றாள். "அன்னைக்கு நீங்க பானையத் தள்ளுனத லயத்துக்காரங்க எல்லாரும் பாத்தாங்கதானே. கீழதான ஒக்காந்திருந்தாங்க."